பாங்கிக்குக் கடன் கொடுத்தவர் யார்?

(போடிநாயக்கனூரில் ஏலத்தோட்டத் தொழிலாளர்களும் சிறு விவசாயிகளும் வியாபாரிகளும் கூடிய கூட்டத்தில் பேசியது)



பாங்கியைப் பற்றிப் பேச வேண்டுமென்று இவ்வூர்த் தோழர்கள் எழுதியபோது நமக்குச் சற்று ஆச்சரியமாகவே இருந்தது. லேவாதேவிக்காரர்களும் எஸ்டேட் முதலாளிகளும் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய விஷயத்தை, தினக்கூலிக்கு மலையேறுகிறவர்களிடத்தில் பேசுவானேன் என்று நினைத்தோம். ஆனால் இன்று காலையில் இவ்வூரில் ஒரு பாங்கிக்குள் கண்ட காட்சி நம் நினைப்பை மாற்றிவிட்டது.

அய்ம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் வந்தார். தினமும் விடியுமுன் ஜீப்பில் போடி மெட்டு ஏறிக் காய் எடுத்துவிட்டு அந்தியில் திரும்புகிறவராம். அன்று ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். யாரும் கழற்றச் சொல்லவில்லை. உள்ளே வந்து ஜன்னலுக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குமாஸ்தா தலை நிமிர்ந்ததும், "சாமி, எம் பணத்துல ரெண்டாயிரம் தயவு பண்ணிக் குடுங்க" என்றார். அந்த உத்தியோகஸ்தர் கெட்டவரல்ல. "உட்காருங்கம்மா" என்றுதான் சொன்னார். அம்மாள் கடைசி வரையில் உட்காரவில்லை.

தோழர்களே! அங்கே யார் யாருக்குக் கடன்காரர் என்று யோசித்துப் பாருங்கள். நாம் பாங்கியில் பணம் கட்டினால் அது பாங்கிக்கு நாம் கொடுத்த கடன். பாங்கி தன் அய்ந்தொகையை அச்சிடும்போது நம் டெபாசிட்டுத் தொகையைத் தான் கொடுக்க வேண்டிய பக்கத்தில்தான் எழுதுகிறது. அதற்கு வட்டி கொடுக்கிறதும் அதனால்தான். அப்படியிருக்க, கடன் கொடுத்தவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கட்டி நிற்கிறாள். கடன் வாங்கியவன் நாற்காலியில் இருக்கிறான். இந்தத் தலைகீழ் வழக்கம் எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொள்ள நம் நாட்டின் பாங்கிகளிலெல்லாம் பெரிதான ஸ்டேட் பாங்கியின் கதையைச் சொன்னால் போதும். இன்று 22,000-க்கு மேற்பட்ட கிளைகளுடைய ஸ்தாபனம் அது.

இந்தப் பாங்கி நமக்காக ஏற்பட்டதல்ல. 1806-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 2-ந் தேதி கல்கத்தாவில் கல்கத்தா பாங்கி என்ற பெயரால் ஆரம்பிக்கப்பட்டது. வெல்லெஸ்லி பிரபு திப்புவோடும் மராட்டியரோடும் நடத்திய யுத்தங்களின் செலவுக்குக் கம்பெனி சர்க்கார் பணம் தேடித் தவித்ததே அதற்குக் காரணம். 1809-இல் அது வங்காள பாங்கி ஆயிற்று. 1840-இல் பம்பாய் பாங்கியும், 1843 ஜூலை 1-ந் தேதி நம் மதராஸ் பாங்கியும் ஏற்பட்டன. மதராஸ் பாங்கியின் மூலதனம் 30 லட்சம் ரூபாய். 1861-இல் சட்டம் வந்து நோட்டு அடிக்கும் உரிமையை சர்க்கார் எடுத்துக்கொள்ளும் வரையில் இந்த மூன்று பாங்கிகளும் சொந்தமாகவே நோட்டுப் போட்டுக்கொண்டிருந்தன.

மதராஸ் பாங்கி எங்கெங்கே கிளை வைத்தது என்று பார்த்தாலே அதன் நோக்கம் விளங்கிவிடும். தூத்துக்குடி, நாகப்பட்டினம், கொச்சி, ஆலப்புழை, கொழும்பு என்று கப்பல் வந்து நிற்கிற இடமாகப் பார்த்து வைத்தது. பஞ்சும் காப்பியும் மிளகும் கப்பலேறும் இடத்தில் பணம் இருந்தது. அவை விளையும் இடத்தில் பணம் இல்லை.

இதைவிட முக்கியமானது 1876-ஆம் வருஷத்துச் சட்டம். அச்சட்டப்படி இந்தப் பாங்கிகள் 6 மாதத்துக்கு மேற்பட்ட தவணைக்குக் கடன் கொடுக்கக்கூடாது. நிலத்தையோ வீட்டையோ ஈடாக வாங்கிக்கொண்டும் கொடுக்கக்கூடாது. புரோநோட்டானால் ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத இரண்டு பேருடைய பொறுப்பாவது இருக்க வேண்டும். இதைப் பாங்கியின் பத்திரத்துக்காக ஏற்பட்ட விதி என்று சொல்லுவார்கள். பம்பாய் பாங்கி அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தின்போது ஏறிய பஞ்சு விலையை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு கடன் கொடுத்து, 1868-இல் முறிந்து, மறுபடி புதுப் பாங்கியாக எழுந்திருக்க வேண்டியதாயிற்று என்பதும் வாஸ்தவந்தான். ஆனால் நம்முடைய ஏலத்தோட்டக்காரனுக்கு அந்த விதியின் அர்த்தம் என்ன? ஏலச்செடி நட்டு மூன்றாவது வருஷத்தில்தான் காய்க்கத் தொடங்கும் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. ஆறு மாதத்தில் அது தட்டை விடுமேயொழியக் காய் விடாது. நிலத்தைத் தவிர வேறு ஈடு குடியானவனிடத்தில் கிடையாது. ஆகவே பெரிய பாங்கியின் கதவு அவனுக்குச் சட்டத்தாலேயே சாத்தப்பட்டிருந்தது.

போதாக்குறைக்கு அந்தக் காலத்தில் மலைக்கு மேல் திருவிதாங்கூர் சர்க்கார். 19-ஆம் நூற்றாண்டின் கடைசி வரையில் ஏலக்காய் அந்த சர்க்காரின் ஏகபோகச் சரக்கு. பயிரிடுகிறவன் தன் காயைத் தான் விற்க முடியாது.

அப்படியானால் குடியானவனுக்குப் பணம் கொடுத்தது யார்? மதராஸ் பாங்கி நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்குப் புரோநோட்டின் பேரில் கொடுக்கும். அவர்கள் உள்நாட்டு வியாபாரிக்குக் கூடுதல் வட்டிக்குக் கொடுப்பார்கள். வியாபாரி அதற்கு மேலும் வட்டி வைத்துப் பயிர்க்காரனுக்கு முன்பணமாகக் கொடுத்து, காயையும் தன்னிடத்திலேயே போட வேண்டுமென்று எழுதி வாங்கிக்கொள்வான். கை மாறக் கை மாற வட்டி ஏறும். மலையடிவாரத்துக்கு வந்து சேரும்போது அது பாங்கிப் பணம் என்று ஒருவருக்கும் தெரியாது. இந்தச் சங்கிலியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடியும் வரும்.

1921 ஜனவரி 27-ந் தேதி மூன்று பாங்கிகளும் ஒன்றாகி இம்பீரியல் பாங்கி ஆயிற்று. 5 வருஷத்துக்குள் 100 கிளைகள் புதிதாக வைக்க வேண்டுமென்று சட்டத்தில் நிபந்தனை போட்டார்கள். வைத்தார்கள். ஆனாலும் மேல் உத்தியோகமெல்லாம் பெரும்பாலும் வெள்ளைக்காரருக்கே. மதுரைக்கு மேற்கே போடிக்கு ரயில் வந்தது 1928-இல். மூணாறு தேயிலை அதற்கு வெகு முன்பே டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் குரங்கணிக்கு இறங்கி, போடி வழியாக வெளியூர் போய்க்கொண்டிருந்தது. சரக்குக்கு மலையிறங்க வழி இருந்தது. பாங்கிக் கடனுக்கு மலையேற வழியில்லை.

நிற்க. பாங்கி என்றால் நம் பெரியவர்கள் பயப்பட்டதற்கும் காரணம் உண்டு. 1906-இல் சென்னையில் வெள்ளைக்காரக் கம்பெனியாகிய ஆர்பத்நாட் முறிந்து ஆயிரக்கணக்கானவர்கள் வாழ்நாள் சேமிப்பைப் பறிகொடுத்தார்கள். 1938-இல் திருவிதாங்கூர் நேஷனல் அன்டு குயிலான் பாங்கி கதவடைத்தது. 1960-இல் இந்த மலைக்கு அந்தப் புறத்துப் பாலாவில் பாலை சென்ட்ரல் பாங்கி மூழ்கிற்று. வட்டிக்கடைகளிலும் பாங்கிகளிலும் லட்சுமி படம் மாட்டாத இடம் அந்நாளில் உண்டா? பிள்ளையார் சுழி போடாமல் பேரேடு திறந்ததுண்டா? படமும் சுழியும் ஒரு காசைக்கூடக் காப்பாற்றவில்லை. பாலா முறிந்த பிறகு மனிதர்கள் உட்கார்ந்து யோசித்துச் சட்டம் செய்து, 1962 ஜனவரி 1 முதல் டெபாசிட்டுக்கு இன்ஷ்யூரன்சு ஏற்படுத்தினார்கள். ஆரம்பத்தில் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரையில் பொறுப்பு. 2020 பிப்ரவரி முதல் அது 5 லட்சம். பாங்கி முறிந்தாலும் அதுவரையில் உங்கள் பணத்துக்கு இன்று பத்திரம் இருக்கிறதென்றால் அதைச் செய்தது அந்தச் சட்டம்.

இனி சுயராஜ்யம் வந்த பிறகு நடந்ததைப் பார்ப்போம். 1951-52-இல் கோர்வாலா என்பவர் தலைமையில் ஒரு கமிட்டி நாடு முழுதும் கிராமக் கடனைக் கணக்கெடுத்தது. குடியானவன் வாங்குகிற 100 ரூபாய்க் கடனில் ஏறக்குறைய 70 ரூபாய் வட்டிக்காரனிடத்தில், 3 ரூபாய் கூட்டுறவுச் சங்கத்தில்; பாங்கிகளில் வாங்கியது முழுசாக ஒரு ரூபாய்கூட இல்லை, 90 காசு! நூற்றைம்பது வருஷம் வளர்ந்த பாங்கி கிராமத்துக்குச் செய்த கைங்கரியம் அந்த 90 காசில் ஒரு பங்குதான்.

அந்தக் கமிட்டியின் சிபார்சின்மேல்தான் 1955 ஜூலை 1-ந் தேதி இம்பீரியல் பாங்கி ஸ்டேட் பாங்கி ஆக்கப்பட்டது. முதல் தலைவர் டாக்டர் ஜான் மத்தாய். பெரும் பங்கு ரிசர்வ் பாங்கி வசம் வந்தது. அன்றைக்கு அதற்கு இருந்தவை 480 ஆபீசுகள். 5 வருஷத்துக்குள் 400 கிளைகள் புதிதாகத் திறக்க வேண்டுமென்று சட்டம் சொல்லிற்று. 1960 ஜூனுக்குள் 416 திறந்தார்கள். தோழர்களே, கவனியுங்கள்! 1806 முதல் 149 வருஷம் லாபத்தைப் பார்த்துத் திறந்தவை 480. சட்டம் கட்டளையிட்டதும் 5 வருஷத்தில் 416. அப்படியானால் இத்தனை காலமும் முடியாமல் இருந்ததா, மனமில்லாமல் இருந்ததா?

அப்புறம் 1969 ஜூலை 19-ந் தேதி 14 பெரிய பாங்கிகள் பொதுவுடைமையாயின. 1980-இல் இன்னும் 6. விவசாயத்துக்கும் சிறு தொழிலுக்கும் இத்தனை பங்கு கடன் கொடுத்தே தீர வேண்டும் என்ற விதி வந்தது. சர்க்கார் பாங்கியானதால் வகுப்புவாரி உரிமையும் உள்ளே வந்தது. காலையில் அந்த அம்மாளை "உட்காருங்கம்மா" என்ற பிள்ளையாண்டானின் பாட்டனார் காலத்தில் அந்த ஜன்னலுக்குப் பின்னால் நம்மவர் முகத்தைப் பார்த்திருக்க முடியுமா? பெண்களுக்கு மட்டும் கொஞ்சம் தாமதம். இந்தப் பாங்கியின் தலைமை நாற்காலியில் ஒரு பெண் உட்கார 1806-லிருந்து 2013 வரையில் 207 வருஷம் ஆயிற்று.

மலைக்கு மேலே நடந்ததும் ஒரு வார்த்தை. 1945-இல் ஏற்பட்ட திருவிதாங்கூர் பாங்கி, 1960-இல் ஸ்டேட் பாங்கிக்குக் கிளைப் பாங்கியாகி, ஸ்டேட் பாங்க் ஆப் திருவிதாங்கூர் என்ற பெயரோடு நடந்து, 2017 ஏப்ரல் 1-ந் தேதி தாய்ப் பாங்கியிலேயே கலந்துவிட்டது. தேவிகுளமும் பீர்மேடும் 1956-இல் கேரளத்தோடு போயின. வீடு போடியில், தோட்டம் பூப்பாறையில் என்று இருக்கிறவர்களுக்கு இரண்டு சர்க்கார், இரண்டு பாஷை, இரண்டு ரிகார்டு. பாங்கி மட்டும் ஒன்றே.

இவ்வளவும் நல்லதுதான். குறை சொல்லுவதற்கில்லை. ஆனால் பாங்கி வளர்ந்ததும் பழைய புத்தி போய்விட்டதா என்றால் இல்லை.

2017 ஏப்ரலில் இந்தப் பாங்கி ஒரு விதி செய்தது. கணக்கில் குறைந்த அளவு இருப்பு இல்லாவிட்டால் மாதந்தோறும் அபராதம். ஜன்தன் கணக்குகளுக்கு விலக்கு உண்டு. சாதாரணச் சேமிப்புக் கணக்கு வைத்திருந்த ஏழைகளுக்கு இல்லை. அந்த ஏப்ரல் முதல் நவம்பர் வரையில் 8 மாதத்தில் வசூலான அபராதம் 1,771 கோடி ரூபாய். அதே வருஷம் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மூன்று மாதத்துக்குப் பாங்கியின் லாபமே 1,581 கோடிதான்! பணமில்லாதவனிடத்தில் பணமில்லாத குற்றத்துக்காகப் பணம் வாங்குவது எந்த நியாயமோ நமக்குத் தெரியவில்லை. அந்தக் கணக்கு வருஷம் முடிந்த 2018 மார்ச் 31-ந் தேதி, பெரிய இடங்களுக்குக் கொடுத்ததும் மற்றதுமாகத் திரும்பி வராமல் நின்ற கடன் 2 லட்சத்து 23 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். இந்தப் பாங்கி தலைமை தாங்கிய பாங்கிக் கூட்டத்தினிடம் ஆகாய விமானக் கம்பெனிக்கென்று ஆயிரக்கணக்கான கோடி கடன் வாங்கிய விஜய் மல்லையா 2016 மார்ச்சிலேயே தேசம் விட்டுப் போய்விட்டார். அவர் எந்தப் பாங்கி வாசலில் செருப்பைக் கழற்றினார்? அபராதம் 2020 மார்ச்சில் நீக்கப்பட்டது. கூச்சல் போட்டவர்கள் போட்டதால்தான் நீங்கிற்று.

இன்னொரு வேடிக்கை. தேர்தல் பத்திரங்களை விற்கும் அதிகாரம் இந்தப் பாங்கி ஒன்றுக்கே இருந்தது. 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு அத்திட்டமே செல்லாதென்று தீர்ப்புச் சொல்லி விவரங்களைக் கேட்டபோது, ஜூன் கடைசி வரையில் தவணை வேண்டுமென்றது பாங்கி. கோர்ட்டு மறுத்ததும் மறுநாளே கொடுத்துவிட்டது. நம் பாஸ்புத்தகத்தில் ஒரு ரூபாய் குறைந்தால் கண்டுபிடிக்கிற பாங்கிக்கு இதற்கு நாலு மாதமா என்று நாமும் கேட்க வேண்டியதுதானே?

இப்போது மலைக்கு வருவோம். 2019 ஆகஸ்டில் ஏலக்காய் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரையில் போயிற்று. பிறகு இறங்கிற்று. ஏறக்குறைய 5 கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் 1 கிலோ. அந்த 5 கிலோவையும் தட்டைக்கு அடியில் குனிந்து ஒவ்வொன்றாகப் பறித்தவர்களின் கூலி விலையோடு சேர்ந்து ஏறவில்லை. விலை ஏறினபோது தோட்டக்காரர் பாங்கியில் வாங்கித் தோட்டத்தை விரித்தார். நிலம் உள்ளவர்களுக்கு 1998 முதல் கிசான் அட்டை இருக்கிறது. சரியாகக் கட்டினால் 3 லட்சம் வரையில் வருஷத்துக்கு 100-க்கு 4 வட்டிதான் விழுகிறது. காய் எடுக்கிறவளுக்கு நிலமில்லை, அட்டையுமில்லை. அவளுக்கு இருப்பது காதிலும் கழுத்திலும் உள்ளதுதான். அதைக் கொண்டு போய் அடகு வைத்தால் நகைக்கடன். தாலியையும் வைக்கிறார்கள். அதில் நமக்கு ஆட்சேபமில்லை. கழுத்தில் கிடந்து சுமையாவதைவிடப் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு உதவினால் அதுவே மேல்.

ஆட்சேபம் வேறு இடத்தில். நகையும் இல்லாதபோது அவள் யாரிடம் போகிறாள்? வாரத் தவணைக் கம்பெனிக்காரன் வீட்டு வாசலுக்கே வருகிறான். பத்துப் பெண்களைக் கூட்டி உட்காரவைத்து, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டுமென்று சொல்லிக் கொடுக்கிறான். வட்டி 100-க்கு வருஷத்துக்கு 20-க்கு மேல். அவனுக்கு அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி பாங்கியிலிருந்துதான்! அவன் கம்பெனிக்குக் குறைந்த வட்டிக்கு பாங்கி கொடுக்கிறது. அப்படிக் கொடுத்ததையும் ஏழைகளுக்குக் கொடுத்த கணக்கில் சேர்த்துக்கொள்ள விதியிலே இடமிருக்கிறது. பாங்கிக்குப் பணம் எங்கிருந்து வந்தது? காலையில் கை கட்டி நின்ற அம்மாளைப் போன்ற கோடிக்கணக்கானவர்களுடைய டெபாசிட்டிலிருந்து. ஆக, அவள் பாங்கிக்குக் குறைந்த வட்டிக்குக் கொடுத்த கடன், ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து அவளுக்கே 20-க்கு மேல் கடனாகக் கிடைக்கிறது. மதராஸ் பாங்கியிலிருந்து கை மாறிக் கை மாறி மலையடிவாரத்துக்கு வந்ததே ஒரு சங்கிலி, ஞாபகமிருக்கிறதா? ஆள்தான் மாறியிருக்கிறான்.

இதை அறுக்க வழியில்லையா என்றால் இருக்கிறது. மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குப் பாங்கி நேராகக் கடன் கொடுக்கும் ஏற்பாடு 1992-லிருந்து நடக்கிறது. 10 லட்சம் வரையில் குழுவினிடம் ஈடு கேட்கக்கூடாதென்பது ரிசர்வ் பாங்கியின் உத்தரவு. சிறு விவசாயிக்கு 2025 ஜனவரி முதல் 2 லட்சம் வரையில் ஈடில்லாக் கடன். கடன் மனு கொடுத்தால் அதை வாங்கிக்கொண்டதற்கு ரசீது கொடுக்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். "மானேஜர் இல்லை, அடுத்த வாரம் வா" என்பது எழுத்துமல்ல, காரணமுமல்ல. பாங்கிக்குப் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. இவையெல்லாம் யாருடைய தயவும் அல்ல. விதிகள். ஆனால் விதி புத்தகத்தில் இருக்கிறது. கேட்கிறவர்கள் கேட்டால்தான் வெளியே வருகிறது.

பாங்கிக் குமாஸ்தாக்களோடு சண்டை பிடிக்கச் சொல்லுகிறோம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவர்களும் நம்மைப்போல் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள். ஆள் குறைவான கிளைகளில் அவர்கள் படுகிற பாடும் நமக்குத் தெரியும். செருப்போடு உள்ளே போங்கள், நாற்காலி காலியாயிருந்தால் உட்காருங்கள், "என் பணத்தைக் கொடுங்கள்" என்று கேளுங்கள் என்பதைத்தான் சொல்லுகிறோம். சாமி என்று கூப்பிட வேண்டாம். அவருக்கு அப்பன் ஆத்தாள் வைத்த பெயர் ஒன்று சட்டையிலேயே எழுதித் தொங்குகிறது.

நேரமாகிவிட்டது. விடியுமுன் ஜீப்புக்கு நிற்க வேண்டியவர்கள் பலர் இருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் எழுதப் படிக்கத் தெரிந்த தோழர்கள் நாலு பேர் இந்த மேடைக்கு இடது புறம் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பாஸ்புத்தகம் கொண்டு வந்திருக்கிறவர்கள் காட்டலாம். எதற்காக எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று படித்துச் சொல்லுவார்கள். குழுக் கடன் மனு எழுத வேண்டியவர்கள் ஆதார் அட்டையோடும், குழுவின் தீர்மானப் புத்தகத்தோடும் வாருங்கள். வாரத் தவணை அட்டை வைத்திருக்கிறவர்கள் அதையும் எடுத்து வந்தால், மொத்தத்தில் எவ்வளவு வட்டி ஆகிறதென்று கணக்குப் போட்டுத் தருகிறோம்.